காதுக்கும் கைப்பேசிக்கும் நடுவே: வாசகர் கேள்வி பதில்

ஹெட்போன் வேலை செய்யவில்லை என்று வரும் கடிதங்கள் சில மாதங்களாகக் கூடிக்கொண்டே வருவதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எழுதியவர்களில் பலர், பழுதே ஆகாத ஹெட்போனை ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்றை வாங்கியிருக்கிறார்கள், அல்லது வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். விலைவாசி இருக்கும் இருப்பில் அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டும் என்பதே எனக்குள்ள அக்கறை. நம்மவர் பலரின் போன் பர்மிய மொழியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், கூடியவரை பல்சக்கரப் படம், மனித உருவப் படம் என்று கண்ணால் பார்த்து அறியக்கூடிய அடையாளங்களைக் கொண்டே வழி சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மலேசியாவில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது தன்னுடைய பழைய ஒயர் ஹெட்போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதை என் போனில் செருகிப் பக்திப் பாடல் கேட்டால் வயலினும் தாளமும் நன்றாகக் கேட்கின்றன. பாடுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்து ஒலிக்கிறது. ஒயரில் உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் முழுமையாக வருகிறது, விட்டால் மறைகிறது. இது ஹெட்போனின் கோளாறா, போனின் கோளாறா?
- வாசகி, மோல்மேன்

பதில்: அம்மா, இரண்டிலும் கோளாறு இல்லை. பொத்தானை அழுத்தினால் குரல் திரும்புகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஹெட்போனின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்த உலோகத் தண்டின் மேல் மெல்லிய வளையங்கள் தெரியும். இரண்டு வளையங்கள் இருந்தால் தண்டு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டு காதுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. மைக் உள்ள ஹெட்போனில் மூன்று வளையங்களும் நான்கு பகுதிகளும் இருக்கும். முதல் இரண்டு பகுதிகளில் எல்லா நிறுவனங்களும் ஒத்துப்போகின்றன. ஆனால் மூன்றாவதும் நான்காவதும் எதற்கு என்பதில் இரண்டு முறைகள் ஏற்பட்டுவிட்டன. சி.டி.ஐ.ஏ. என்ற முறையில் மூன்றாவது பகுதி திரும்பு வழி, அடிப்பகுதி மைக். ஓ.எம்.டி.பி. என்ற முறையில் இது அப்படியே தலைகீழ். இன்று விற்பனையாகும் போன்களில் மிகப் பெரும்பாலானவை முதல் முறையைப் பின்பற்றுகின்றன. பழைய நோக்கியா போன்கள் சிலவும், சீனச் சந்தைக்கென்று முன்பு செய்யப்பட்ட ஹெட்போன்கள் பலவும் இரண்டாம் முறையைச் சேர்ந்தவை.

ஒரு முறையில் செய்த ஹெட்போனை மற்ற முறையில் செய்த போனில் செருகும்போது திரும்பு வழி அறுந்துபோகிறது. இடது காதுக்கு வந்த மின்சாரம் போனுக்குத் திரும்ப வேறு வழி இல்லாமல் வலது காதின் ஊடாகவே போக வேண்டியதாகிறது. அப்போது இரண்டு பக்கங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே ஒலியாக மாறுகிறது. பாட்டைப் பதிவு செய்பவர்கள் பாடகரின் குரலை இரண்டு பக்கத்திலும் சம அளவில் வைப்பது வழக்கம் என்பதால், சமமாக உள்ள அந்தக் குரல் கழிபட்டு மறைந்துவிடுகிறது. ஒரு பக்கமாக வைக்கப்பட்ட வயலினும் எதிரொலியும் மிஞ்சி நிற்கின்றன. பொத்தானை அழுத்தும்போது மைக்கின் கம்பியும் திரும்பு வழிக் கம்பியும் ஒன்றாகத் தொட்டுக்கொள்கின்றன; அறுந்த வழி அந்த நேரத்துக்கு மட்டும் சேர்ந்துவிடுவதால் குரலும் வந்துவிடுகிறது.

எனினும், எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். தண்டு முழுவதும் உள்ளே போகாமல் ஓர் இழை அளவு வெளியே நின்றாலும் இதே குறை தோன்றும். போனுக்குத் தடித்த உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, 'டக்' என்று படியும்வரை அழுத்திச் செருகிப் பாருங்கள். அப்படியும் குரல் வராவிட்டால், இந்த இரண்டு முறைகளையும் மாற்றித் தருவதற்கென்றே விரல் நீளத்தில் ஒரு சிறு மாற்றி கிடைக்கிறது. 'மைக் உள்ள நாலு பகுதி ஹெட்போனுக்கு வேண்டும், ஓ.எம்.டி.பி.யைச் சி.டி.ஐ.ஏ. ஆக்க வேண்டும்' என்று கேட்டு, கடையிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய போனில் ஹெட்போன் துளையே இல்லை. மகாபந்தூலா வீதியில் ஒரு கடையில் டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிச் செருகினேன். ஒலி போனின் ஸ்பீக்கரிலேயே வருகிறது. அதே கன்வெர்ட்டர் என் நண்பரின் போனில் நன்றாக வேலை செய்கிறது. கடைக்காரரோ என் போன்தான் சரியில்லை என்கிறார்.
- வாசகர், பாசுண்டவுங், ரங்கூன்

பதில்: உங்கள் போன் சரியாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த கன்வெர்ட்டர் உங்கள் போனுக்கு உரிய வகை அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாத இரண்டு வகைகள் ஒரே தட்டில் ஒன்றாகக் கிடப்பதால் வருகிற குழப்பம் இது.

போனுக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களைக் காதுக்குக் கேட்கும் மின்னலையாக மாற்ற ஒரு சில்லு வேண்டும், அதை டி.ஏ.சி. என்பார்கள். பழைய போன்களில் அந்தச் சில்லு போனுக்குள்ளேயே இருந்து ஹெட்போன் துளைக்கு ஒலியை அனுப்பியது. துளையை எடுத்துவிட்டபோது நிறுவனங்கள் இரண்டு வழியாகப் பிரிந்தன. ஹுவாவே, ஷாவ்மி போன்ற நிறுவனங்களின் சில மாடல்கள் மாற்றப்பட்ட ஒலியை டைப்-சி துளை வழியாகவே வெளியே அனுப்புகின்றன. அவற்றுக்கு வெறும் கம்பி இணைப்பு மட்டும் உள்ள மலிவான கன்வெர்ட்டர் போதும். கூகுள் பிக்சல் போன்களும், 2019-இல் வந்த நோட் 10 முதலாகத் துளையில்லாமல் வெளிவந்த சாம்சங்கின் உயர்விலைப் போன்களும் எண்களாகவே வெளியே அனுப்புகின்றன, அவற்றுக்கு, டி.ஏ.சி. சில்லைத் தனக்குள்ளே வைத்திருக்கும் கன்வெர்ட்டர்தான் வேண்டும். உங்கள் நண்பரின் போன் முதல் வகை என்றும், உங்களுடையது இரண்டாம் வகை என்றும் நினைக்கிறேன். டி.ஏ.சி. உள்ள கன்வெர்ட்டர் சற்று விலை கூடுதல். ஆனால் பெரும்பாலான போன்களில் வேலை செய்யும் என்பதால் நாளை போனை மாற்றினாலும் வீணாகாது. எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதபோது அதையே வாங்குங்கள்.

டி.ஏ.சி. உள்ளதை வாங்கியும் ஒலி வராவிட்டால் இன்னொரு காரணம் இருக்கலாம். ஆப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ், விவோ போன்களில் பலவற்றில் ஓ.டி.ஜி. என்ற ஒரு விசை அமைப்புகளுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து செருகும் கருவிக்கு மின்சாரம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல மாடல்களில், 10 நிமிடம் எதுவும் செருகப்படாமல் இருந்தால் அது தானாகவே அணைந்துவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்று எழுதியிருந்த இன்னொரு வாசகரும் அந்த விசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்சக்கரப் படத்தைத் தொட்டு, மேலே உள்ள தேடும் கட்டத்தில் OTG என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் உடனே வந்து நிற்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் ஹெட்போன் துளை கிடையாது. அப்போதிருந்து 14 வரை உள்ளவற்றுக்கு லைட்னிங் வகைக் கன்வெர்ட்டரும், 2023-இல் வந்த 15 முதல் உள்ளவற்றுக்கு டைப்-சி வகையும் வேண்டும். இரண்டிலுமே டி.ஏ.சி. சில்லு அவசியம்.

கன்வெர்ட்டர் வாங்கப் போகும்போது போனையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் நின்றபடியே ஒரு பாட்டைக் கேளுங்கள், யாருக்காவது ஒரு அழைப்பு போட்டுப் பேசியும் பாருங்கள். ஏனென்றால் பாட்டு வந்து மைக் வேலை செய்யாத கன்வெர்ட்டர்களும் உண்டு. இப்படிச் சோதித்து வாங்க அனுமதிக்காத கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: அண்ணன் வாங்கித் தந்த ஒயர் இல்லாத இயர்பட்ஸில் இடது பக்கம் மட்டும்தான் கேட்கிறது. சில நேரம் என் போனில் சேராமல், பெட்டியைத் திறந்த உடனே அண்ணனின் போனில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. போனின் பட்டியலிலோ ஒரே பெயர் இரண்டு முறை தெரிகிறது. எது சரியானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- மாணவி, பெகு

பதில்: தங்கச்சி, நீ ஒரே கடிதத்தில் மூன்று சிக்கல்களைச் சொல்லியிருக்கிறாய், மூன்றுக்கும் வெவ்வேறு காரணம்.

வலது காதுக்குரிய இயர்பட்டை வெளியே எடுத்து, பெட்டிக்குள் மின்சாரம் ஏறும் இடத்தில் படியும் சிறு உலோகப் புள்ளிகளைப் பார். புதிய இயர்பட்ஸில் அந்தப் புள்ளிகளின் மேல், கடைக்கு வரும் வழியில் மின்சாரம் தீர்ந்துவிடாமல் இருப்பதற்காக, மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி அனுப்புவார்கள். ஒன்றில் உரித்துவிட்டு மற்றதில் உரிக்காமல் விட்டிருந்தால் அந்த ஒன்று சார்ஜே ஏறாது. தாள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிதாகவும் இருக்கும், நகத்தால் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். தாள் இல்லையென்றால் காதழுக்கோ வியர்வையோ அந்தப் புள்ளிகளில் படிந்திருக்கலாம். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு பெட்டியில் வை. நான் பார்த்தவரையில், ஒரு பக்கம் கேட்கவில்லை என்று வருபவற்றில் பெரும்பாலானவை இந்தச் சார்ஜ் குறைதான்.

பெயர் இரண்டு முறை தெரிவது வேறு விஷயம். மலிவான இயர்பட்ஸ் பலவற்றில் இரண்டு பட்ஸும் முதலில் தங்களுக்குள் சேர்ந்துகொண்டு, அதன்பின் ஒன்று மட்டும் இரண்டின் சார்பாகவும் போனோடு பேசும். அவை தங்களுக்குள் சேர்வதற்கு முன்பே போனில் தேடிச் சேர்த்துவிட்டால், போன் அவற்றை இரண்டு தனிக் கருவிகளாக நினைத்துக்கொள்ளும். போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, இரண்டு பெயர்களையும் மறந்துவிடச் சொல்லி நீக்கு. பிறகு போனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, இரண்டு பட்ஸையும் ஒரே நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து அருகருகே மேசை மேல் வை. இரண்டிலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் ஒன்றில் நின்று, மற்றதில் மட்டும் மினுக்கும். அதுதான் இரண்டும் சேர்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம். அதன்பின் ப்ளூடூத்தைப் போட்டுத் தேடினால் ஒரே பெயர்தான் வரும். அப்படியும் இரண்டு வந்தால், கூட வந்த காகிதத்தில் உள்ளபடி பட்ஸை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பல மாடல்களில் பட்ஸைப் பெட்டியில் வைத்தபடியே பொத்தானை 10 வினாடி அளவுக்கு அழுத்திப் பிடிப்பது வழக்கம்.

அண்ணனின் போனில் போய்ச் சேர்வது கோளாறே அல்ல. ஒயர் இல்லாத ஹெட்போன் கடைசியாகச் சேர்ந்திருந்த போனை நினைவில் வைத்துக்கொண்டு, விழித்தவுடன் அதைத்தான் முதலில் தேடும். அண்ணன் பக்கத்து அறையில் இருந்தாலும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் சாதாரணமாக 10 மீட்டர் தூரம் வரை அதற்கு எட்டும். அண்ணனின் போனிலிருந்து அந்தப் பெயரை நீக்கச் சொல். இருவரும் மாறி மாறிப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒருவர் முடித்ததும் தன் போனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுக் கொடுப்பதே எளிது.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனில் படம் பார்த்தால் உதட்டசைவும் ஒலியும் ஒத்துப்போகின்றன, துப்பாக்கி விளையாட்டு ஆடினால் மட்டும் வெடிச்சத்தம் பின்னால் வருகிறதே, ஏன்?
- மாணவர், தட்டோன்

பதில்: ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, காதருகில் விரிப்பதற்குச் சாதாரணமாக ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. படம் காட்டும் செயலி அந்தத் தாமதத்தைத் தெரிந்துகொண்டு படத்தையும் அதே அளவு நிறுத்திக் காட்டுகிறது. விளையாட்டில் நீ எப்போது சுடுவாய் என்று செயலிக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் அப்படிச் செய்ய வழியில்லை. சில ஹெட்போன்களில் விளையாட்டுக்கென்று தாமதத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. ஒயர் ஹெட்போனில் இந்தச் சிக்கலே இல்லை.

கேள்வி: இணையம் நின்றுபோனால் ப்ளூடூத் ஹெட்போனும் நின்றுவிடுமா? 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே மின்சாரமும் தொடர்பும் இல்லாமல் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய போனில் ஒயரைச் செருகி ரேடியோவில் செய்தி கேட்டார். என்னுடைய விலை உயர்ந்த போனில் அது முடியவில்லை.
- வாசகர், மாண்டலே

பதில்: அந்த நாட்களை நீங்கள் கடந்து வந்த விதத்தை உங்கள் கடிதத்தில் படித்தபோது மனம் கனத்தது. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

ப்ளூடூத்துக்கும் இணையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போனும் ஹெட்போனும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. டவரோ, சிம் கார்டோ, டேட்டாவோ தேவையில்லை. போனில் இறக்கி வைத்த பாட்டையும் பேச்சையும் இணையமே இல்லாத ஊரிலும் கேட்கலாம்.

ரேடியோவுக்கு வருவோம். பல போன்களுக்குள் எஃப்.எம். ரேடியோ வாங்கும் சில்லு இருக்கிறது. ஆனால் எஃப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதைப் பிடிக்கப் போனுக்குள் அடங்காத நீளத்துக்கு ஒரு கம்பி வேண்டும். ஒரு மீட்டர் அளவுள்ள ஹெட்போன் ஒயரையே போன் அந்தக் கம்பியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் ஒயரைச் செருகாமல் ரேடியோவைத் திறந்தால் 'ஹெட்போனை இணைக்கவும்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. ப்ளூடூத் ஹெட்போன் அந்த வேலையைச் செய்யாது. ஒயரைச் செருகிய பிறகு, ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றி வீட்டார் எல்லோரும் சேர்ந்து கேட்கவும் பல போன்களில் வசதி உண்டு. அப்போதும் ஒயர் செருகியபடியே இருக்க வேண்டும். விலை உயர்ந்த போன்கள் பலவற்றில் ஹெட்போன் துளையையும் ரேடியோவையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். ஐபோனில் எந்தக் காலத்திலும் எஃப்.எம். ரேடியோ கேட்கும் வசதி இருந்ததில்லை.

ஆகவே, வீட்டில் பழைய போன் ஒன்று இருந்து, அதில் எஃப்.எம். வேலை செய்தால் அதை விற்றுவிடாதீர்கள். அதோடு ஒரு ஒயர் ஹெட்போனையும் சேர்த்து, ஆவணங்கள் வைக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி, ரேடியோ கேட்கிறதா என்று பாருங்கள். எஃப்.எம். கேட்பதற்கு மிகக் குறைந்த மின்சாரமே செலவாகும், டேட்டாவும் வேண்டாம் என்பதால் நெருக்கடியான நேரத்தில் இதைப்போலக் கைகொடுப்பது வேறில்லை.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு பேசினால், அவள் குரலும் கரகரவென்று கேட்கிறது, என் குரலும் தெளிவாக இல்லை என்று அவள் சொல்கிறாள். நல்ல விலை கொடுத்து வாங்கியது. ஏமாற்றப்பட்டேனா?
- வாசகர், ரங்கூன்

பதில்: இல்லை ஐயா, நல்ல ஹெட்போன்களிலும் இது உண்டு. பாட்டு கேட்கும்போது ஒலி ஒரே திசையில் வருகிறது. அழைப்பில் உங்கள் குரலும் திரும்பிப் போக வேண்டும். ப்ளூடூத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. அழைப்பு தொடங்கியதும் ஹெட்போன் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடும். பாட்டுக்கு ஒலி வினாடிக்கு 44,100 முறை அளந்தெடுக்கப்படும் இடத்தில், அழைப்புக்குப் பெரும்பாலும் 8,000 அல்லது 16,000 முறை மட்டுமே அளந்தெடுக்கப்படுகிறது. குரலின் மேல் விளிம்பில் உள்ள நுட்பமெல்லாம் அதில் உதிர்ந்துவிடுகிறது. இதோடு, இயர்பட்ஸின் மைக் வாயிலிருந்து தள்ளிக் காதருகில் இருப்பதால் மின்விசிறிக் காற்றையும் தெருச் சத்தத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ப்ளூடூத் பட்டியலில் உங்கள் ஹெட்போனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால், அழைப்புக்கு ஒன்றும் பாட்டுக்கு ஒன்றுமாக இரண்டு விசைகள் தெரியும். அழைப்புக்குரியதை அணைத்துவிட்டால் சாதாரண அழைப்புகள் போனிலேயே நடக்கும், பாட்டு மட்டும் ஹெட்போனில் வரும். அழைப்பு கேட்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்று எழுதியிருந்த வேறு வாசகர்களுக்கும் இதே இடத்தில் பாட்டுக்குரிய விசை அணைந்திருக்கலாம். மகளோடு நெடுநேரம் பேசுவதற்கு மட்டும், மைக் உள்ள ஒரு ஒயர் ஹெட்போனை வைத்துக்கொள்ளுங்கள். மைக் மார்பருகே தொங்குவதால் உங்கள் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: மின்சாரம் இல்லாத நேரத்தில் இயர்பட்ஸ் பெட்டியைப் பவர் பேங்கில் செருகினால் சிறிது நேரத்தில் பவர் பேங்க் தானே அணைந்துவிடுகிறது. போன் மட்டும் நன்றாக ஏறுகிறது.
- வாசகி, இன்செயின்

பதில்: பவர் பேங்க், தன்னிடமிருந்து மிகக் குறைவான மின்சாரமே போனால், யாரும் எதையும் செருகவில்லை என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. போனின் பேட்டரி சாதாரணமாக 5,000 மில்லியாம்பியர் மணி அளவில் இருக்கும். இயர்பட்ஸ் பெட்டியின் பேட்டரியோ பெரும்பாலும் 300 முதல் 500 வரைதான். அது இழுக்கும் சிறிய மின்னோட்டம் பவர் பேங்கின் கணக்கில் வருவதில்லை. சில பவர் பேங்குகளில் பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தினாலோ, சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலோ இத்தகைய சிறு கருவிகளுக்கென்று தனி நிலைக்கு மாறும். உங்களுடையதில் அது இல்லையென்றால், இரண்டு துளை உள்ள பவர் பேங்கில் ஒன்றில் போனையும் மற்றதில் பெட்டியையும் சேர்த்துச் செருகுங்கள். போன் இழுக்கும் வரை பவர் பேங்க் அணையாது, அதற்குள் பெட்டி நிரம்பிவிடும்.

இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் செருகினால் சில மலிவான பெட்டிகள் சார்ஜே ஏறுவதில்லை. மின்சாரம் வேண்டும் என்று கேட்பதற்கான சிறு மின்தடைகளைச் செலவு மிச்சத்துக்காக அவற்றில் வைக்காமல் விட்டுவிடுவதே காரணம். ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி.யாக உள்ள கேபிளில் செருகினால் ஏறிவிடும்.

கேள்வி: ஹெட்போனைக் கழற்றிய பிறகும் போனின் மேல் பக்கத்தில் ஹெட்போன் படம் போகாமல் நிற்கிறது; ஸ்பீக்கரில் ஒலி வரவில்லை. மழைக்காலத்தில்தான் இப்படி ஆகிறது.
- வாசகர், மோல்மேன்

பதில்: உங்கள் ஊரின் மழைக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. துளைக்குள் தண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் ஒரு தொடுமுனை இருக்கிறது. ஈரமோ சட்டைப்பைப் பஞ்சோ அதில் படிந்தால் தண்டு இன்னும் உள்ளே இருப்பதாகவே போன் நினைத்துக்கொள்ளும். போனை அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகச் சுற்றிப் பஞ்சை வெளியே எடுங்கள். ஊசி, கொண்டை ஊசி போன்ற உலோகம் எதுவும் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், அதையும் தவிர்த்து, மின்விசிறிக்கு நேரே ஒரு இரவு வைத்துவிடுங்கள். காலையில் ஹெட்போனைச் சில முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சைப் பூசும் பெண்கள் இயர்பட்ஸில் ஒலி மெல்ல மெல்லக் குறைந்துவருவதாக உணர்ந்தால், காய்ந்த தனக்காத் தூள் ஒலி வரும் இடத்திலுள்ள வலைத்துணியில் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வலை கீழ்நோக்கி இருக்க, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் துலக்கினால் உதிர்ந்துவிடும். தண்ணீர் படக்கூடாது, ஈரம் பட்டால் தூள் குழைந்து வலையை நிரந்தரமாக அடைத்துவிடும்.

கேள்வி: என் மகன் இரவு முழுவதும் காதில் ஹெட்போனோடு தூங்குகிறான். எவ்வளவு சத்தம் வரை காதுக்குக் கேடில்லை?
- தாய், பெகு

பதில்: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரம் என்றும் எல்லை வைத்திருக்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபலில் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இரவு முழுவதும் காதில் வைத்திருந்தால், சத்தம் அந்த எல்லை அளவைத் தாண்டாமல் அதிலேயே நின்றால்கூட, அந்த 40 மணி நேரம் வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும் என்பதை மகனிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஹெட்போனோடு ஒரு கை தூரத்தில் நின்று நீங்கள் சாதாரணக் குரலில் பேசுவது அவனுக்குக் கேட்காவிட்டால் சத்தம் மிகுதி என்று கொள்ளலாம். ஐபோனிலும் சாம்சங் போன்களிலும் சத்தத்துக்கு உச்ச அளவு வைத்துப் பூட்டும் வசதி இருக்கிறது. பாட்டு இல்லாமல் தூக்கம் வராதென்றால், போனைத் தலைமாட்டிலிருந்து தள்ளி வைத்து ஸ்பீக்கரில் மெல்லப் போட்டுக்கொள்ளட்டும். தானே நின்றுவிடும்படி நேரம் வைக்கப் பல பாட்டுச் செயலிகளில் இடம் உண்டு.

கேள்வி: எனக்கு இடது காது கேட்காது. ஹெட்போனில் பழைய பாடல்களைக் கேட்டால் சில இசைக்கருவிகள் அறவே இல்லாததுபோல் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஹெட்போன் பழுது என்கிறார்கள்.
- எழுபது வயது கடந்த வாசகர், ரங்கூன்

பதில்: ஐயா, ஹெட்போன் சரியாக இருக்கிறது. பதிவில் இடது பக்கத்துக்கென்று வைக்கப்பட்ட இசை உங்கள் இடது காதருகே வந்து நின்றுவிடுகிறது. இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் ஒரேபோல் அனுப்பும் ஏற்பாடு இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றிலும் ஐபோன்களிலும் இருக்கிறது. மோனோ ஒலி என்பது அதன் பெயர். பல்சக்கரத்தைத் தொட்டு, உள்ளே மனித உருவப் படம் போட்ட பகுதிக்குள் போய், காது அல்லது ஒலி தொடர்பான இடத்தில் அந்த விசையைப் போடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இடது, வலது என்று நகர்த்தக்கூடிய ஒரு கோடு இருக்கும். அதை நடுவிலேயே விட்டுவிடலாம், அல்லது வலது பக்கம் முழுவதும் நகர்த்திவிடலாம்.

அந்த விசையைப் போட்ட பிறகு, நன்றாக நினைவிலிருக்கும் ஒரு பாட்டைக் கேளுங்கள். இடையிசை வரும் இடத்தில், இத்தனை நாள் கேட்காமலிருந்த கருவி வலது காதிலேயே வருவதை அறிவீர்கள். ஹெட்போனை மாற்றினாலும் இந்த ஏற்பாடு போனில் அப்படியே இருக்கும். பேரப்பிள்ளைகள் உங்கள் போனில் பாட்டு கேட்டு, இசை இரண்டு பக்கமும் பிரிந்து வரவில்லை என்று சொன்னால், அவர்கள் அதை அணைத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் போட்டு வைத்துத் தரட்டும்.